பூட்டு சரி, சாவி எங்கே?



தகவல் கேட்டு வந்த மனுவை மூடும்போது முக்கியம் முடிவா, காரணமா? இதுதான் தலைப்பு. முடிவு சரியாக இருந்தால் போதும் என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். “கதவைச் சாத்தணும்னா சாத்த வேண்டியதுதானே, எதுக்குச் சாத்தினோம்னு விளக்கம் வேற சொல்லணுமா?” என்று கேட்டார். ஐயா, எந்த ஊரிலே வந்து இதைக் கேட்கிறீர்கள்? 2019-ல் பூட்டுக்கே புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது! இங்கே ஒரு பட்டறையிலே போய், “பூட்டு மட்டும் குடுங்க, சாவி வேண்டாம்” என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். எனக்கு நன்னூல்தான் சட்டப் புத்தகம். வினா ஆறு வகை என்றார் பவணந்தியார். விடையோ எட்டு வகை. கேள்வியை விட பதிலுக்கு வழி அதிகம் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்! (கைதட்டல்) குளத்து மடை ரிப்பேர் கணக்கு கேட்டால், “அது எங்ககிட்ட இல்ல, அடுத்த ஆபீஸ்ல கேளு” என்பார்கள். அது ஏவல் விடை. கேட்டது செலவுக் கணக்கு, வந்தது குளத்தின் பரப்பளவு என்றால் அது இனமொழி விடை. “நீ எதுக்கய்யா இதைக் கேக்குற?” என்றால் வினா எதிர் வினாதல். இலக்கணத்திலே எட்டுக்கும் இடமுண்டு. சட்டத்திலே இல்லை.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 6-ஆம் பிரிவு, 2-ஆம் உட்பிரிவு என்ன சொல்கிறது? எதற்காகக் கேட்கிறாய் என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது. 7-ஆம் பிரிவு, 8-ஆம் உட்பிரிவு? மறுக்கிற அதிகாரி காரணம் சொல்லியே ஆகவேண்டும். எத்தனை நாளுக்குள், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அதே கடிதத்திலே எழுத வேண்டும். கேட்பவனுக்குக் காரணம் வேண்டாம், மறுப்பவனுக்குக் காரணம் வேண்டும். நான் சொன்ன சாவி இதுதான்.

சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2014 செப்டம்பரில் ஒரு வழக்கு. நீதிமன்ற நிர்வாகம் பற்றித் தகவல் கேட்ட மனு. கொடுக்கச் சொல்லி மத்திய தகவல் ஆணையம் போட்ட உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பிலே, தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதையாவது சொல்ல வேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள். நாடு முழுக்கப் பேச்சாயிற்று. அப்புறம் என்ன நடந்தது? யாரும் மேல்முறையீட்டுக்குப் போவதற்கு முன்னாலே, சில நாட்களில், நீதிபதிகளே தாமாக முன்வந்து, 6(2)-ஐக் கவனிக்கவில்லை என்று சொல்லி அந்த வரிகளை நீக்கினார்கள். பெருந்தன்மைங்க அது! (கைதட்டல்)

கவனியுங்கள். முடிவு அப்படியே நின்றது. மாறியது காரணம் மட்டும்தான். முடிவுதான் முக்கியம் என்றால் எதற்காகத் திருத்த வேண்டும்? அந்த முடிவு ஒரு மனுவை மூடியது. அந்தக் காரணம் நின்றிருந்தால், அதற்குப் பிறகு வருகிற அத்தனை மனுவையும் மூடியிருக்கும்.

எதிரணி நண்பர் இன்னொன்றும் சொன்னார். ஒரே ஆள் நூறு மனு போடுகிறார், ஆபீஸ் வேலை கெடுகிறது என்றார். நியாயம், மறுக்க மாட்டேன். 2011-ல் விடைத்தாள் வழக்கிலே உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்திருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, திருத்திய விடைத்தாளை மாணவனுக்குக் காட்டு என்றும் சொன்னது! காட்ட மறுத்த தேர்வு வாரியம் சொன்ன காரணம், நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிற தகவல் என்பது. மாணவன் எழுதிய தாளை மாணவனிடமிருந்தே மறைப்பதற்கு நம்பிக்கை என்று பெயர்! பல்லாயிரம் தாள் திருத்திய கை இது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு மார்க் கூட்டும்போது நான் இரண்டு தடவை கூட்டுகிறேன். (சிரிப்பு)

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி என்று வைத்துக் கொள்வோம். அஞ்சு வருஷத்து மடைக் கணக்குக்கு நகல் கேட்கிறார். “கோப்பு பெரிசு, 7(9)-ன்படி மறுக்கப்படுகிறது” என்று பதில். அந்த 7(9) மறுப்பதற்கான பிரிவே இல்லை! கேட்ட வடிவத்தில் கொடுத்தால் அலுவலகத்தின் ஆளும் நேரமும் அளவுக்கு மீறிப் போகும் என்றால் வேறு வடிவத்தில் கொடு என்கிறது, அவ்வளவுதான். “நகல் எடுக்க முடியாது, நேரில் வந்து கோப்பைப் பாருங்கள்” என்று எழுதியிருந்தால் அந்த மனுஷன் மறுநாளே பஸ் ஏறியிருப்பார். எங்ககிட்ட இல்லை என்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்கிறது 6(3). ரகசியம் என்றால் 8-ஆம் பிரிவு, அதற்கு வாதாடலாம். காரணத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது. தப்பான காரணத்தை எழுதிக் கொடுத்தால், கதவே இல்லாத சுவரிலே போய் முட்டிக்கொண்டு நிற்பார். வாய்க்கால் காய்ந்து கிடக்கும், கணக்கு பீரோவிலே கிடக்கும்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு விண்ணப்பம். தீர்ப்பு எதிரணிக்கே போனாலும் போகட்டும் ஐயா, காரணத்தோடு சொல்லுங்கள். 7(8)! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)