நடப்போரால் ஆடிய பாலம்



லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் குறுக்கே, நடந்து செல்வோருக்கென்றே அமைந்த மிலெனியம் பாலத்தை ஒரு நாள் காலையில் சென்று கண்டோம். தென்கரையில் டேட் மாடர்ன் கலைக்கூடம். வடகரையில் செயின்ட் பால் தேவாலயம். இரண்டையும் இணைப்பது அப்பாலம்.

தொங்குபாலம் என்றதும் உயர்ந்த கோபுரங்களும், அவற்றினின்று வளைந்து தொங்கும் வடங்களும் நம் நினைவுக்கு வரும். இங்கோ பக்கத்துக்கு நான்காக எட்டு எஃகு வடங்கள், நடைபாதையை ஒட்டியே செல்கின்றன. நடுக்கண்ணின் நீளம் 144 மீட்டர்; அதில் வடம் தாழ்வது 2.3 மீட்டரே. துணி உலர்த்தும் கொடியைத் தொய்வின்றிக் கட்ட எவ்வளவு இறுக்கி இழுக்கிறோம்! இவ்வடங்களும் அவ்வாறே இழுத்துக் கட்டப்பட்டவை. கண்ணுக்கு எதிரே உள்ள காட்சியை மறைக்கலாகாது என்பதே நோக்கம்.

2000 ஜூன் 10 அன்று பாலம் திறக்கப்பட்டது. மக்கள் பல்லாயிரவர் திரண்டனர். பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. ஜூன் 12 அன்றே அதை மூடிவிட்டனர்.

காரணம் யாது? நடக்கும்போது நம் எடை ஒரு காலினின்று மறுகாலுக்கு மாறுகிறது. அதனால் தரையைப் பக்கவாட்டிலும் சிறிது உந்துகிறோம். பாலம் இலேசாக அசைந்ததும், தள்ளாடாதிருக்க மக்கள் காலை அகற்றி வைத்தனர். அவ்வுந்தலே ஆட்டத்தை வளர்த்தது. சிலர் நடந்தவரை ஒன்றுமில்லை. கூட்டம் ஓர் அளவைக் கடந்ததும் ஆட்டம் திடீரென மிகுந்தது. படைவீரர் பாலத்தின்மேல் அடியொத்து நடக்கலாகாது என்னும் விதி பழையது. இங்கோ நடந்தவர்கள், யாருடைய கட்டளையும் இன்றித் தம்போக்கில் சென்ற பொதுமக்கள். மக்களின் எடையைக் கணக்கிட்டவர்கள், அவர்களுடைய நடையை முழுதும் கணக்கிடவில்லை.

பொறியாளர்கள் மக்களை நடக்கவிட்டு அளந்தார்கள். கண்டதை மறைக்காமல் வெளியிட்டார்கள். பாலத்தின் வடிவைக் கெடுக்காமல், மோட்டார் வண்டியின் குலுக்கலை அடக்கும் குழல்களைப் போன்ற 37 தணிப்பான்களைப் பொருத்தினார்கள். வில்சுருள்களில் அமர்ந்த எடைகளையும் சேர்த்தார்கள். ஏறத்தாழ 2,000 பேரைக் கொண்டு சோதித்த பின், 2002 பிப்ரவரி 22 அன்று பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

கரையில் இறங்கி அண்ணாந்து பார்த்தோம். தணிப்பான்கள் பாலத்தின் அடியில் தெரிந்தன. மேலே மக்கள் நடந்துகொண்டிருந்தனர், பாலம் அசையவில்லை. திருவிழாக் கூட்டம் ஒரே வேளையில் ஏறும் நடைபாலங்கள் நம் நாட்டிலும் பல உண்டு. அவற்றை அமைப்போர், பாரத்தை மட்டுமன்றி நடையையும் எண்ணிப் பார்ப்பார்களாக.