பணம் எங்கிருந்து வந்தது?

(கல்மண்டபம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம ஆளுங்க நாலு பேர் சேர்ந்து ஒரு மேடை போட்டால் போலீசு கேட்கிற முதல் கேள்வி, 'என்ன பேசப் போறே?' என்பதல்ல. 'ஏதுடா பணம்?' என்பதுதான். மைக் செட்டு வாடகைக்குக்கூட சேரிக்காரனிடம் காசு இருக்காது என்கிற சாதிப் புத்திதான் அப்படிக் கேட்க வைக்கிறது.

1927 மார்ச் மகாத் மாநாட்டில் குடிதண்ணீரை நாற்பது ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார்கள். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லி பம்பாய் சட்டசபை 1923லேயே தீர்மானம் போட்டாயிற்று. சவ்தார் குளமும் அதே ஊரில்தான் இருந்தது. இருந்தும் காசு கொடுத்துத்தான் தாகம் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அம்பேத்கர் குளத்தில் இறங்கினார்.

இடிந்தகரைக்கு வருவோம். 2011ல் அணு உலையை எதிர்த்து உட்கார்ந்த மீனவர்கள், மீன் விற்ற காசில் ஒரு பங்கைப் போட்டுத்தான் போராட்டத்தை நடத்தினார்கள். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். ஆயிரக்கணக்கான பேர் மீது தேசத்துரோக வழக்கு. மீன்கூடையிலிருந்து போராட்டம் நடக்கும் என்பதை டெல்லியால் நம்ப முடியவில்லை!

நிறுவனப் பணத்தை நம்பினால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிட்டோம். நெருக்கடி நிலையின்போது 1976ல் வந்த அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் 2010ல் புதிதாக எழுதப்பட்டது. 2020ல் அதை இன்னும் இறுக்கினார்கள். பணம் டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளைக்குத்தான் முதலில் வரவேண்டும். பெரிய அமைப்பு வாங்கி, கிராமத்துச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. ஒரு குழாயை மூடினால் போதும், எல்லாம் நின்றுபோகும்.

பர்மாவைப் பாருங்கள். அங்கிருந்து துரத்தப்பட்டு வந்த நம் சனங்கள் வியாசர்பாடியில் இருக்கிறார்கள், அந்த நாடு நமக்கு அந்நியமில்லை. 2021 பிப்ரவரி 1ல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் டாக்டர்கள், வாத்தியார்கள், ரயில்வே தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ரயில்வேக்காரர்களைக் குடும்பத்தோடு குவார்ட்டர்சை விட்டு விரட்டினார்கள். சம்பளமில்லாத அவர்களுக்கு அரிசியும் பணமும் கொடுத்தது அக்கம்பக்கத்து மக்கள். செல்போன் வழியாகப் பணம் போனது. இராணுவம் சுதாரித்துக்கொண்டு அந்தக் கணக்குகளை முடக்கியது, அனுப்பியவர்களையும் தேடியது. கொடுத்தவன் பெயர் பதிவில் இருந்ததே ஆபத்தாகிப் போனது.

இதை 1955லேயே புரிந்துகொண்டவர் மாண்ட்கோமரியின் ஜார்ஜியா கில்மோர், ஒரு கறுப்பினச் சமையல்காரப் பெண். பஸ் புறக்கணிப்புக்காக அவரும் மற்றப் பெண்களும் கோழி வறுத்தும் கேக் சுட்டும் விற்றார்கள். தங்கள் குழுவுக்கு 'எங்கிருந்தும் வராதவர்களின் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை! வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் பெயர் வெளியே தெரிந்தால் மறுநாள் வேலை போகும். கில்மோருக்கே, கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்ன பிறகு வேலை போனது. புறக்கணிப்பு 381 நாள் நடந்தது.

நம்மிடையே ஒரு சண்டை உண்டு. ரசீது போட்டு, பெயர் எழுதி வாங்கினால்தான் நாணயம் என்கிறார்கள் சில தோழர்கள். உண்டியலைச் சொந்த உண்டியலாக்கிக் கொண்டவர்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறார்கள், நியாயம்தான். என் கருத்து வேறு. செலவை டீத்தண்ணி வரைக்கும் எழுதித் தெருவில் ஒட்டுவோம். மொத்த வரவையும் எழுதுவோம். ஆனால் காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா போட்ட பத்து ரூபாய்க்கு எதிரே அவர் பெயர் எதற்கு? அந்த நோட்டு நாளைக்கு ஸ்டேஷனில் இருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்?

பெயர் வேண்டும் என்கிற தோழர் அடுத்துப் பேசப் போகிறார். அவரையும் கேளுங்கள்.