பின்லாந்திலிருந்து ஒரு கையுறை

வெளியூர் சென்று திரும்புகிறவரை நம் வீட்டுச் சிறுவர் வாயிலுக்கே ஓடிவந்து எதிர்கொள்வது அவர் முகத்தைக் காண்பதற்கன்று. கையிலுள்ள பையைக் காண்பதற்கே. விடுமுறைக்குத் தமிழ்நாடு சென்று தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் திரும்பும் நம் குடும்பங்களில், முறுக்கு டப்பாவும் காப்பிப்பொடிப் பொட்டலமும் இல்லாமல் ரயிலேறியவர் எத்தனை பேர் இருப்பர்? இப்போது நம் பிள்ளைகளிற் சிலர் படிப்பின் பொருட்டும் கணினித் தொழிலின் பொருட்டும் பின்லாந்து வரை செல்கின்றனர். ஓராண்டு கழித்துத் திரும்பும் பிள்ளையின் பெட்டிக்கு விமான நிறுவனம் விதித்த எடை உண்டு. உறவினரோ மூன்று ஊர்களில் இருக்கின்றனர். கையிலுள்ள பணமும் அளவானதே. என்ன வாங்கிவருவது என்ற கேள்வி, வெளியே சிறியதாகத் தோன்றினும், அந்தப் பிள்ளைக்குச் சிறியதன்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, பொருளைக் காட்டிலும் அதன் பெயர்மீது முதலிற் கண் செல்வது இயல்பு. பின்னிய மொழியில் இதற்கு ஒரு சொல்லுக்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொருள் ‘மத்கமுயிஸ்தோ’. மத்க என்றால் பயணம், முயிஸ்தோ என்றால் நினைவு. ஊரிலிருந்து வருகிறவர் வீட்டாருக்குக் கொண்டுவருவது ‘துலியாய்னென்’; வருதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. பிறர் வீட்டுக்கு விருந்து செல்கிறவர் எடுத்துச் செல்வது ‘வியெமிசெத்’; கொண்டுசெல்லுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. நம் பழந்தமிழிலும் இதற்கு அழகானதொரு சொல் உண்டு: கையுறை. ஒருவரைக் காணச் செல்வோர் கையிற் கொண்டுசெல்லும் பொருளுக்கு அதுவே பெயர். இன்று அச்சொல்லைக் குளிருக்கு அணியும் உறைக்குக் கொடுத்துவிட்டு, பரிசுக்கு வேறு சொற்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அலமாரிப் பொருள்களைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1936-ல் வடிவமைத்த, ஏரிக்கரை போல் நெளிந்த கண்ணாடிப் பூச்சாடி உலகப் புகழ் பெற்றது; விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. மரிமெக்கோ நிறுவனத்தின் பெரிய கசகசாப்பூ அச்சிட்ட துணி 1964-ல் மாயா இசோலா வரைந்தது. தோவே யான்சன் என்னும் எழுத்தாளர் 1945 முதல் எழுதிய கதைகளில் வரும் மூமின் என்னும் கொழுத்த, அமைதியான உயிரினங்களின் படம் தாங்கிய குவளைகளைப் பின்லாந்தில் காணாத வீடு அரிது. ஆயினும் வாங்குமுன் குவளையின் அடியைத் திருப்பிப் பார்ப்பது நலம். 1873-ல் தொடங்கிய ஹெல்சிங்கியின் அரபியா ஆலையில் உற்பத்தி 2016-ல் நின்றுவிட்டது; மூமின் குவளைகள் இன்று தாய்லாந்திலிருந்து வருகின்றன. நம் ஊருக்கு அருகிலிருந்து வட துருவத்தருகே சென்று, மீண்டும் நம்மிடம் வரும் குவளை அது!

வடபகுதியான லாப்லாந்தில் வாழும் சாமி என்னும் தொல்குடியினரின் ‘குக்சா’ வேறு வகையைச் சேர்ந்தது. பூர்ச்ச மரத்தின் தண்டில் புடைத்து வளரும் கட்டியைக் குடைந்து செய்யும் குடிகலம் அது. அதைச் சோப்பிட்டுக் கழுவுவதில்லை. தானே வாங்காமல் பிறர் தரப் பெறுவதே சிறப்பு என்றும் சொல்வார்கள். எந்திரத்தில் கடைந்த போலிகள் கடைத்தெருவில் மலிந்துள்ளமையால், சாமிக் கைவினைஞரின் ‘துவோஜி’ முத்திரையைத் தேடி வாங்குவதே முறை. இல்லையேல் அக்கைவினைஞருக்குச் சேரவேண்டிய கூலி வேறெங்கோ போய்விடும்.

இனித் தின்பண்டங்களுக்கு வருவோம். பின்னியர் தம் நாட்டுப் பண்டம் என்று பெருமையோடு நீட்டும் கரிய மிட்டாய்க்கு ‘சால்மியாக்கி’ என்று பெயர். அதிலுள்ள இரு முதன்மையான சரக்குகளும் நமக்குப் புதியனவல்ல. ஒன்று நாட்டு மருந்துக் கடையிற் கிடைக்கும் அதிமதுரம். மற்றொன்று, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவினாரே, புகை எழும்பியதே, அந்த நவச்சாரம்! முதல் துண்டை வாயிலிட்ட நம்மவர் முகம் போகும் போக்கு காணத்தக்கது. பின்லாந்தில் வளர்ந்தவருக்கோ அதுவே பிறந்த ஊரின் சுவை. அயல்நாட்டில் வாழும் பின்னியர் ஊரிலிருந்து வருகிறவரிடம் அதைத்தான் கேட்டு வாங்குவர். வடுமாங்காய்க்கு ஏங்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஆனால் அதிமதுரம் மிகுந்தால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆதலின் வீட்டிலுள்ள முதியோருக்கு ஒரு துண்டுக்கு மேல் வேண்டா. புலால் உண்ணாதோர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். பொட்டலத்தின் மீது ‘லீவாத்தே’ என்ற சொல் இருந்தால், அம்மிட்டாயில் விலங்கின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ந்துள்ளது என்பது பொருள்.

சாக்லெட்டில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கார்ல் ஃபாசர் 1891-ல் ஹெல்சிங்கியின் க்ளூவிகாத்து தெருவில் ஒரு மிட்டாய்க் கடை திறந்தார். அந்நிறுவனம் 1922-ல் வெளியிட்ட நீல உறைப் பால் சாக்லெட்டே இன்றும் பின்லாந்து செல்வோர் பெட்டியில் முதலில் ஏறுவது. ஆயினும் பத்துக் கட்டிகளைக் கொண்டுவந்தால் பத்து நாளில் தீரும். அந்த எடையில் பாதியைக் குறைத்துவிட்டு, அங்குள்ள இல்லத்தரசியர் செய்யும் ஒரு சாக்லெட் பண்டத்தின் செய்முறையைக் கற்றுவரலாம் என்பது நம் கருத்து. வங்காளத்தில் வாழ்ந்த நம்மவர் வீட்டுக்குள் பாயேஷ் வந்ததும், குஜராத்தில் வாழ்ந்தவர் வீட்டுக்குள் டோக்ளா வந்ததும் கடைப் பொட்டலத்தின் வழியாகவா? அண்டை வீட்டு அம்மையார் அருகில் நின்று சொல்லிக் கொடுத்ததால் அன்றோ?

நாம் குறிப்பிடும் பண்டத்துக்கு ‘மோக்கபாலத்’ என்று பெயர். மோக்கா காப்பிச் சுவையுள்ள துண்டுகள் என்று சொல்லலாம். பிறந்தநாள், பள்ளி விழா, அலுவலகக் காப்பி வேளை எதுவாயினும் பெரிய தட்டிற் சுட்டுச் சதுரமாக வெட்டி வைப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உலகில் மிகுதியாகக் காப்பி அருந்தும் நாடுகளுள் பின்லாந்தும் ஒன்று. அந்நாட்டில் 1939-ல் தொடங்கிய காப்பிப் பங்கீடு, போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின் 1954-ல்தான் முடிவுற்றது. பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்று பழகியவர், நல்ல காப்பியை விருந்தினருக்கு ஊற்றுவதை எவ்வளவு பெரிதாக எண்ணியிருப்பர் என்று நாம் கூறவேண்டுவதில்லை.

செய்முறை எளிது. பின்னியர் தம் சமையலறையில் டெசிலிட்டர் கிண்ணத்தால் அளப்பர். அது நூறு மில்லிலிட்டர். நான்கு முட்டையையும் மூன்று டெசிலிட்டர் சர்க்கரையையும் நுரை பொங்க அடிக்கவேண்டும். ஐந்து டெசிலிட்டர் மைதாவோடு இரண்டு மேசைக்கரண்டி கோகோப் பொடியையும் மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் சலித்துக் கலந்து, இரண்டு டெசிலிட்டர் பாலும், உருக்கி ஆறிய 200 கிராம் வெண்ணெயும் சேர்த்து, அகன்ற தட்டில் ஊற்றி, 200 பாகை வெப்பத்தில் கால் மணி முதல் இருபது நிமிடம் வரை சுடவேண்டும். முட்டை சேர்க்காத வீடுகளில் தயிரும் சிறிது சமையல் சோடாவும் கொண்டு செய்யலாம்; பதம் சற்று மாறும், சுவை குன்றாது. இனி மேற்பூச்சு: 300 கிராம் பொடித்த சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கோகோ, 50 கிராம் உருகிய வெண்ணெய், இவற்றோடு நான்கு மேசைக்கரண்டி சூடான காப்பி. பின்னியர் காப்பிக்கொட்டையை இளவறுப்பாக வறுப்பவர். நாமோ பித்தளை வடிகட்டியில் இறங்கும் முதல் டிகாக்‌ஷனை உடையவர்கள். அதில் இரண்டு கரண்டியும் வெந்நீர் இரண்டு கரண்டியும் போதும். கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பூச்சைப் பரப்பி, வண்ணச் சர்க்கரை மணிகளைத் தூவி, இறுகியபின் வெட்டவேண்டும். பொறுமையற்ற சிறுவர் உள்ள வீட்டில் ஓரத்துண்டுகளை முன்னரே கொடுத்துவிடுவது அமைதிக்கு உதவும்.

கட்டிச் சாக்லெட்டும் கொண்டுவந்தே தீருவேன் என்பாருக்கு ஒரு சொல். கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் உருகிவிடும். உருகி மீண்டும் இறுகினால் மேலே சாம்பல் பூத்தாற்போல் வெளிறும். அது கெட்டுவிட்டதன்று, உண்ணலாம். கேக்குக்கு மேற்பூச்சாக உருக்கியும் ஊற்றலாம். நவம்பரிலோ ஜனவரியிலோ தில்லியில் இறங்குவோருக்கு இக்கவலை இல்லை. மே மாதத்தில் வருவோர் சாக்லெட்டைக் குறைத்து, ஹெல்சிங்கித் துறைமுகச் சந்தையில் மூதாட்டியர் விற்கும் கம்பளிக் கையுறை ஒரு சோடி வாங்கலாம். டிசம்பர் வரை அது பெட்டியில் உருகாமற் கிடக்கும்.