ஜல்லிக்குப் போன கல்லறை



வங்கியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவனுக்குத் தொல்லியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் படித்தது பி.காம். தான். மகள் பிரான்ஸில் இருக்கிறாள். போன வருஷம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்லவே வந்தேன்.

பிரான்ஸின் வடமேற்கு மூலையில் பிரிட்டனி என்ற பகுதி இருக்கிறது. அங்கே மோர்லே விரிகுடாவைப் பார்த்தபடி ஒரு மேட்டில் நிற்கிறது பார்னெனெஸ் கற்குவை. புதுக்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காகக் கட்டியது. நீளம் 70 மீட்டருக்கு மேல். நம் ஏ பிளாக்கையும் பி பிளாக்கையும் சேர்த்தால்கூட அவ்வளவு வருமா என்பது சந்தேகம். சுண்ணாம்பு கிடையாது, இரும்புக் கருவி கிடையாது. கல்மேல் கல்லாக அடுக்கியிருக்கிறார்கள்.

உள்ளே 11 அறைகள். ஒவ்வொன்றுக்கும் தனி நடைவழி. முதலில் கட்டியவர்கள் 5 அறைகள் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதை இடிக்காமல் மேற்கே 6 அறைகளைச் சேர்த்தார்கள். சில கற்களில் கோடரி, வில் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். எகிப்தின் பெரிய பிரமிடைவிட இது சுமார் 2,000 ஆண்டுகள் மூத்தது.

இத்தனை காலம் நின்றதை 1950களில் ஒரு ரோடு காண்டிராக்டர் வாங்கினார். அவர் கண்ணுக்கு அது ஜல்லிக்கு ஆகும் கல் குவியல். பக்கத்தில் இருந்த சிறிய கற்குவை அப்படியே ரோட்டுக்குப் போய்விட்டது. பெரியதையும் வெட்டத் தொடங்கியபோது உள்ளே அறைகள் தெரிந்தன. விஷயம் வெளியே தெரிந்து, 1955இல் வேலை நின்றது. பியர்-ரோலான் ஜியோ என்ற தொல்லியலாளர் 1968 வரை அங்கே ஆய்வு செய்தார். வெட்டிய பக்கத்தை இன்றும் பார்க்கலாம். பாதியாக அரிந்த பலாப்பழம் போல அறைகள் திறந்து கிடக்கின்றன.

அங்கே நின்றபோது என் பழைய தப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், பழைய லெட்ஜர்களைக் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டோம். எடைச்சீட்டில் கையெழுத்துப் போட்டது நான்தான். சில மாதம் கழித்து ஒரு அம்மா வந்தார். காலமான கணவர் போட்ட டெபாசிட்டைப் பற்றிக் கேட்டார். ரசீது தொலைந்துவிட்டதாம். எடுத்துக் காட்ட என்னிடம் லெட்ஜர் இல்லை. அன்று முதல், 'இது வெறும் குப்பை' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கமும் கல்வட்டங்களும் ஈமத்தாழிகளும் உண்டு. அவை பிற்பட்டவை, இரும்புக்காலத்தைச் சேர்ந்தவை, கட்டியவர்களும் வேறு. ஆனால் ஜல்லிக்கும் பிளாட்டுக்கும் அவை போவது மட்டும் ஒரே கதைதான்.

நம்மில் பலர் ஊரில் நிலம் வைத்திருக்கிறோம், வீடு கட்டுகிறோம். அஸ்திவாரம் தோண்டும்போது பெரிய பானையோ, வட்டமாக நட்ட கற்களோ தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். எதையும் கிளறாமல் போட்டோ எடுத்து, தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது.

ஒரு வாரம் வேலை தாமதமானால் பின்னால் ஈடுகட்டிக்கொள்ளலாம். உடைத்த கல்லறைக்கு டூப்ளிகேட் கிடைக்காது.