தலையெழுத்தா? சர்க்கார் எழுத்தா?
(நத்தத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது)



பரீட்சையில் முதல் மார்க்கு வாங்குகின்ற நம் பிள்ளைகளுக்குப் பெரிய காலேஜுகளில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். புளியும் மாங்காயும் சுமந்து பிழைக்கின்றவர் வீட்டிலும் இன்று கெட்டிக்காரப் பிள்ளை இருக்கிறது. அதற்கு இடம் கிடைக்காவிட்டால் தாய் தகப்பன்மார் "எல்லாம் தலையெழுத்து" என்கிறார்கள். கிடைத்துவிட்டாலோ "மாரியம்மன் கண் திறந்தாள்" என்கிறார்கள். இரண்டும் பொய் என்பதே நமது அபிப்பிராயம். காலேஜ் கதவைத் திறப்பதும் மூடுவதும் சர்க்கார் காகிதத்தில் எழுதப்பட்ட எழுத்தே ஒழிய, எவர் தலையிலும் எழுதப்பட்ட எழுத்தல்ல. இதற்கு ருஜு காட்டுகிறோம், கேளுங்கள்.

சென்னை ராஜ்யத்தில் 1950இல் வகுப்புவாரி உத்தரவு ஒன்று அமுலில் இருந்தது. மெடிக்கல், இஞ்சினீயரிங் காலேஜுகளில் 14 இடம் இருந்தால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன், சீனிவாசன் என்ற இரண்டு பார்ப்பனர்கள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். சீனிவாசன் 450க்கு 369 மார்க்கு வாங்கியவர். அந்த அம்மையாரோ, விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாகச் சொன்னாரே தவிர, காலேஜுக்கு மனுப் போட்டதாகவே அவருடைய பிரமாண பத்திரத்தில் காணோம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே கண்டிருக்கிறது. அப்படியிருந்தும் 1951 ஏப்ரல் 9ந் தேதி அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. சென்னை ராஜ்யத்தில் கிளர்ச்சி நடந்தது. அதே வருஷத்தில் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டு, பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

தோழர்களே! ஒரே வருஷத்தில் கதவு மூடியது. ஒரே வருஷத்தில் திறந்தது. அதற்குள் நம் பிள்ளைகளின் மூளை சுருங்கியதா, விரிந்ததா? பிரம்மன் வந்து எழுத்தை அழித்து எழுதினானா? மாறியது சட்டம் ஒன்றே!

பிற்காலக் கதையும் இதுவே. தமிழ்நாட்டில் 1984இல் நுழைவுத் தேர்வு வைத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது இடைஞ்சல் என்று கண்டு, 2006இல் சட்டம் செய்து எடுத்தார்கள். 2017இல் நீட் பரீட்சை வந்து சேர்ந்தது. அந்த வருஷம் அரியலூர் ஜில்லா குழுமூர் அனிதா என்ற பெண், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பள்ளிப் பரீட்சையில் 1200க்கு 1176 வாங்கினாள். நீட்டில் கிடைத்தது 720க்கு 86. சுப்ரீம் கோர்ட் வரையில் போயும் பயனில்லாமல், செப்டம்பர் 1ந் தேதி உயிரை மாய்த்துக் கொண்டாள். பழைய விதி இருந்திருந்தால் டாக்டராகியிருக்க வேண்டிய பெண் அவள்.

"தகுதி வேண்டாமா? திறமை வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். வேண்டும் என்றுதான் நாமும் சொல்லுகிறோம். ஆனால் எதை அளந்து தகுதி என்கிறீர்கள் என்பதுதான் நமது கேள்வி. நம் ஊர்த் திருவிழாவில் கழுமரம் ஏறுகிறார்கள் அல்லவா? கீழே நின்று தோள் கொடுக்கப் பத்துப் பேர் உள்ளவன் உச்சிக்குப் போகிறான். தோள் கொடுக்க ஆளில்லாதவன் வழுக்கி விழுகிறான். விழுந்தவனுக்குக் கால் இல்லை என்று யாராவது சொல்லுவார்களா? 2021இல் நீதிபதி ஏ. கே. ராஜன் கமிட்டி ஆராய்ந்து சொன்ன கணக்கைப் பாருங்கள். மெடிக்கல் காலேஜில் சேர்ந்தவர்களில், முந்தின வருஷங்களில் படிப்பு முடித்து மறுபடி முயன்றவர்கள் 2016-17இல் நூற்றுக்கு 12.47 பேர், 2020-21இல் நூற்றுக்கு 71.42 பேர். அதாவது, ஒரு வருஷம் இரண்டு வருஷம் வீட்டிலிருந்து, பணம் கட்டிப் பயிற்சி பெற வசதியுள்ளவனுக்கே அந்த மரம் ஏறக்கூடியதாயிற்று. இது மூளையின் அளவா, மடிசீலையின் அளவா?

பிறகு 2020இல் சர்க்கார் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மெடிக்கல் இடங்களில் நூற்றுக்கு 7.5 ஒதுக்கித் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. முதல் வருஷத்திலேயே 300க்கு மேற்பட்ட ஏழைப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். அடுத்த வருஷம் இஞ்சினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இப்பொழுதும் பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், எழுத்துத்தான் வேறு.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? பரீட்சைச் சீட்டைச் சாமி காலடியில் வைத்துக் கற்பூரம் கொளுத்துகிற காசைக் கொண்டு விண்ணப்பம் போடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையில் சர்க்கார் பள்ளியில் படித்ததற்கு அத்தாட்சி, ஜாதிச் சான்று, வருமானச் சான்று இவைகளைக் கடைசி நாளில் தேடாமல் முன்னமே வாங்கி வையுங்கள். கடைசித் தேதியைக் கேட்டறிந்து, எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். பெண் பிள்ளையைப் பன்னிரண்டோடு நிறுத்திக் கல்யாணம் பேசாதீர்கள், அவளையும் அனுப்புங்கள். ஒரே காலேஜுக்கு மாத்திரம் மனுப் போட்டுவிட்டு உட்கார்ந்திராதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இடம் கிடைக்காவிட்டால் நீங்கள் மட்டமானவர்கள் என்று அர்த்தமல்ல. ஒரு பரீட்சைக்காக உயிரை விடுவது சரியல்ல; உயிரோடிருந்து, அந்த விதி சரிதானா என்று கேட்பதே சரி. மனிதன் எழுதிய எழுத்தை மனிதனே திருத்தலாம். 1951இல் திருத்தினோம், 2006இல் திருத்தினோம், 2020இல் திருத்தினோம். இனியும் திருத்துவோம்.