தேவாலாவின் பொன்மணல்

இலங்கையின் மல்லாவியில் ஓய்வுநாள் வந்தால் வவுனிக்குளத்துக் கட்டில் காற்று வாங்குவோம். கடல் கடந்து, தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போகிறவர்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே விருந்தினர் வீடுகளில் தங்குகிறார்கள். மலையேறலாம், முதுமலைக்குப் போனால் தெப்பக்காட்டு யானை முகாமையும் பார்க்கலாம்.

அந்த மண்ணுக்குள் பொன் இருக்கிறது.

அங்குள்ள தேவாலாப் பகுதியில் ஓடை மணலை அள்ளி, மரத் தட்டில் நீர்விட்டுச் சுழற்றிச் சுழற்றி அரிப்பார்கள். பொன் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனமானது. மணல் வழிந்தோட, பொன்துகள் அடியில் தங்கும். பழங்குடி மக்களுக்குக் கைவந்த தொழில் இது.

1879இல் பிரஃப் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சுரங்க நிபுணர் வந்து ஆராய்ந்தார். அவருடைய அறிக்கையை நம்பி லண்டனில் கம்பனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. பாறையை உடைத்துக் கிடைத்த பொன்னோ செலவுக்கே காணவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் படுத்துவிட்டது. மண்ணின் மக்களின் அனுபவத்தைக் கேட்டிருந்தால் அத்தனை பணம் கரையாமல் இருந்திருக்கலாம்.

பின்னர் அங்கே தேயிலை நிலைத்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட நம் மலையக உறவுகள் பலருக்கு அந்த மலைகளிலுள்ள அரசுத் தோட்டங்களில்தான் வேலை கிடைத்தது.

அங்கே போகிறவர்கள் ஆனி, ஆடி மழையைத் தவிருங்கள். இடிந்து கிடக்கும் பழைய சுரங்கங்களுக்குள் மட்டும் இறங்காதீர்கள். பொன் தேடி இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். தோட்டத்து லயங்களில் நம்மவரைக் கண்டால் நின்று பேசிவிட்டு வாருங்கள்.