ஊர்ப்பெயரும் நிலப்படமும்
(பொழிவின் எழுத்து வடிவம்)



நாட்டைப் பிடித்தவன் முதலில் நிலத்தை அளக்கிறான்; அளந்த கையோடு பெயர்களைத் தன் நாவுக்கேற்பத் திருகுகிறான். அயர்லாந்தில் அது நடந்த வகையைச் சற்று விரித்துரைக்க விழைகின்றேன்.

1824-இல், நிலவரியைச் சீர்செய்யவென்று ஆங்கில அரசு தன் படைத்துறை அளவையாளரை அங்கே ஏவியது. ஒரு கல் தொலைவை 6 விரலமாகக் காட்டும் படம் அது. கோயிற்பற்றுதோறும் உள்ள சிற்றூர் நிலப்பிரிவுகள், அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவை, அதில் எல்லை பெற்றன. எல்லையைச் சங்கிலி அளந்துவிடும். பெயரை எது அளப்பது? ஏடுகளிலோ ஒரே ஊருக்குப் பல்வேறு எழுத்துவடிவங்கள்!

1830-இல் அத்துறையிற் சேர்ந்தவர் சான் ஓ'டோனவன். ஐரிசு மொழியிற் புலமை மிக்கவர். அவர் ஊரூராய்ச் சென்று, அவ்வவ்வூர் மக்கள் தம் ஊர்ப்பெயரைச் சொல்லக் கேட்டு எழுதினார். ஏன் கேட்கவேண்டும்? ஆங்கில எழுத்தில் 'கில்' என்று தொடங்கும் ஊர்கள் அங்கு மிகப்பல. அவற்றுட் சிலவற்றின் முதற்சொல் கோயிலைக் குறிப்பது. வேறு சிலவற்றில் அது காட்டைக் குறிப்பது. ஐரிசில் இரண்டும் வேறுவேறு சொற்கள். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்று. அவ்வூர் முதியவர் வாய் திறந்தால் கோயிலா காடா என்பது நொடியில் விளங்கும். படத்தை எத்தனை நாள் உற்று நோக்கினும் விளங்காது.

ஐரிசு வடிவத்தையும் பொருளையும் அவர் பெயரேடுகளில் எழுதிவைத்தார். படத்தில் அச்சேறியதோ ஆங்கில வடிவம். அவ்வரசின் கூலியை வாங்கியவர்தாமே என்று அவரைப் பழிப்பார் உளர், நான் பழியேன். 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து நூறாயிரம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். ஐரிசு பேசிய ஏழை ஊர்களே மிக அழிந்தன. அதன்பின் யாரிடம் போய்க் கேட்பது?

கான்னமாராவில் ஓர் இடம். படத்தில் 'மக்கனகெடர்டாவாலியா' என்னும் எழுத்துக்குவியல். ஐரிசிலோ, 'இரண்டு உவர்நீர்களுக்கு இடையே பன்றிமுதுகு போன்ற மேடு'! பெயரே அங்கு வழிகாட்டி.

1972-இல் அரான் தீவிற் குடியேறிய திம் இராபின்சன் என்னும் ஆங்கிலேயர், தீவினரோடு நடந்து பாறைக்கும் துறைக்கும் பெயர் கேட்டு, 1975-இல் ஒரு படம் வெளியிட்டார். ஆங்கிலேயர் திருகிய பெயரை ஆங்கிலேயர் ஒருவரே நிமிர்த்த முனைந்தது வியப்பன்றோ! 2004-ஆம் ஆண்டின் ஆணையால், ஐரிசு பேசும் பகுதிகளில் ஆங்கில வடிவங்கள் சட்டத்தகுதியை இழந்தன. பழைய வடிவங்களைத் தேர்ந்து தெளிய ஓ'டோனவனின் ஏடுகளும் சான்றாயின.

நம் நிலக்கணக்கிலோ வயலுக்குப் புல எண் மட்டுமே உண்டு. என் ஊரில் ஒரு வயலை என் பாட்டியார் 'உவர்ச்செய்' என்பார். அவர் மறைந்தபின் அதை வாங்கியவர் கிணறு வெட்டினார். நாற்பதடியில் உப்புநீர். ஏன் முன்பே சொல்லவில்லை என்று என்னிடம் கேட்டார். அவர் கையிலிருந்த ஆவணத்தில் எண்தான் இருந்தது.